பக்கத்துப் போனுக்குப் போக ஒரு பொதுவழி

2005இல் ஒரு நோக்கியா போனிலிருந்து பக்கத்தில் இருந்த சோனி எரிக்சன் போனுக்கு ஒரு படத்தை அனுப்ப, இரண்டிலும் புளூடூத்தை ஆன் செய்தால் போதும். இணையம் தேவையில்லை, கணக்குத் தொடங்கத் தேவையில்லை, அடுத்தவர் கையில் இருப்பது எந்தக் கம்பெனியின் போன் என்று கேட்கவும் தேவையில்லை. பத்தாண்டு கழிந்து 2015இல், அந்தப் போன்களை எல்லா வகையிலும் மிஞ்சிய ஒரு சாம்சங் கேலக்ஸியையும் ஒரு ஐபோனையும் அருகருகே வைத்தால், இரண்டிலும் புளூடூத் இருந்தது, வைஃபை இருந்தது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு படத்தை நேராக அனுப்பும் வசதி எதுவும் அவற்றோடு வரவில்லை. போன்கள் முன்னேறின, போன்களுக்கு இடையே இருந்த பாதை தேய்ந்தது. இதைத் தொழில்நுட்பத்தின் இயல்பான போக்கு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை. வேகமும் பொதுமையும் சேர்ந்த வழிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வகுக்கப்பட்டன, வகுக்கப்பட்டபின் கைவிடப்பட்டன. அருகில் இருப்பவருக்கு ஒரு கோப்பைக் கொடுக்கும் திறன் எல்லாப் போன்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டிய அடிப்படை வசதி என்பதும், சந்தையின் போக்கில் விட்டால் அது திரும்பி வராது, விதி வகுத்தே அதை மீட்க வேண்டும் என்பதும் இங்கே முன்வைக்கும் வாதம்.

பொதுமை முதலில் எப்படி வந்தது என்று பார்ப்பது நல்லது. 1993இல் பல நிறுவனங்கள் கூடி, அகச்சிவப்புக் கதிர் வழியாகக் கருவிகள் பேசிக்கொள்வதற்கான ஐஆர்டிஏ சங்கத்தை அமைத்தன. இரண்டு கருவிகளையும் முகத்துக்கு முகம் வைத்து, நடுவே கை குறுக்கிடாமல் பிடித்திருக்க வேண்டும்; தூரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அந்தச் சங்கம் விட்டுச்சென்ற பெரிய சொத்து அந்தக் கதிர் அல்ல, ஓபெக்ஸ் என்ற நெறிமுறை. 'இதோ ஒரு கோப்பு, இன்ன பெயர், இன்ன அளவு, வாங்கிக்கொள்கிறாயா' என்று ஒரு கருவி கேட்பதற்கும் மற்றது பதில் சொல்வதற்கும் அது ஒரு பொது மொழியைத் தந்தது. 1998இல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, தோஷிபா, ஐபிஎம் ஐந்தும் சேர்ந்து புளூடூத் அமைப்பைத் தொடங்கியபோது அந்த மொழியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கதிர் போய் ரேடியோ அலை வந்தது, மொழி மாறவில்லை. ஒன்றோடொன்று சந்தையில் மோதிய கம்பெனிகள் இவை. மோதல் போனின் விலையிலும் வடிவிலும் நடந்தது. அடுத்தவர் போனுக்கு ஒரு படம் போகலாமா கூடாதா என்பதில் நடக்கவில்லை.

அந்தப் பொதுமை என்ன செய்தது என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹெல் பகுதியைவிடத் துலக்கமான சான்று கிடைப்பது அரிது. மாலி, மவுரித்தானியா, நைஜர் நாடுகளின் பாலைவன ஊர்களில் 2010 வாக்கில் இணையம் எட்டாக்கனியாக இருந்தது. ஆனால் மலிவான கைபேசிகள் வந்துவிட்டிருந்தன. அவற்றின் மெமரி கார்டுகள்தான் பாட்டுப் பெட்டி, புளூடூத்தான் வானொலி. ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இருவர் பாட்டை மாற்றிக்கொள்வார்கள்; ஒருவர் லாரியேறி அடுத்த ஊர் போவார்; பாட்டும் போகும். நைஜர் நாட்டின் டுவாரெக் கிதார் கலைஞர் ம்டூ மோக்தார் 2008இல் நைஜீரியாவின் சொகோட்டோ நகரில் பதிவுசெய்த பாடல்கள் எந்தக் கம்பெனியும் வெளியிடாமலே இப்படிக் கைக்குக் கை மாறிப் பாலைவனம் முழுக்கப் பரவின. அமெரிக்கரான கிறிஸ்டோபர் கர்க்லி அந்தப் போன்களில் கிடைத்த பாடல்களைத் திரட்டி, பாடியவர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் தொகுப்பாக வெளியிட்டார். மோக்தார் உலக மேடைகளுக்குப் போன பாதை அங்கேதான் தொடங்கியது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மக்களின் சாமர்த்தியத்தைப் புகழ்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். சாமர்த்தியம் இருந்தது, சரிதான். பெயர் தெரியாத சீனப் போனும் பழைய நோக்கியாவும் ஒரே மொழி பேசின என்பதும் அதே அளவு முக்கியம். ஒரு பிராண்டின் போன் அதே பிராண்டோடு மட்டும் பேசும் என்றிருந்தால் அந்தப் பாட்டு முதல் டீக்கடையைத் தாண்டியிருக்காது. தமிழ்நாட்டு மொபைல் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் தொழில் செழித்த அதே ஆண்டுகளில், அந்தப் பாட்டுகள் பேருந்திலும் கல்லூரி விடுதியிலும் மேலும் பரவியதும் இதே பொதுமையால்தான்.

புளூடூத்தின் குறை வேகம். 2004இல் வந்த 2.0 பதிப்பின் மேம்பட்ட வேகம் ஏட்டில் விநாடிக்கு 3 மெகாபிட். கையில் கிடைப்பது சுமார் 2. பாட்டுக்கும் படத்துக்கும் அது போதும். 700 எம்பி திரைப்படம் ஒன்றை அனுப்பக் கணக்கிட்டால் 47 நிமிடம் ஆகும்; 1 ஜிபி வீடியோவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். போன் கேமராக்கள் எடுக்கும் கோப்புகள் பெரிதாகப் பெரிதாக இந்த வழி பயனற்றுப்போனது உண்மை. ஆனால் விடை அப்போதே தெரிந்திருந்தது: ஆளைக் கண்டுபிடிக்கவும் கைகுலுக்கவும் புளூடூத், சரக்கை ஏற்றிச் செல்ல வைஃபை. 2009இல் வெளியான புளூடூத் 3.0 இதே யோசனையைப் பொதுத் தரநிலையாகவே வகுத்தது. விநாடிக்கு 24 மெகாபிட் வரை போகலாம், எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டவர்கள் சிலரே, 2021இல் வந்த 5.3 பதிப்பில் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார்கள். வைஃபை அலையன்ஸ் 2010இல் வைஃபை டைரக்டுக்குச் சான்றளிக்கத் தொடங்கியது. ரவுட்டர் இல்லாமல் இரு கருவிகள் நேராக இணையும் முறை அது. 2014இல் அதன்மேல் கோப்பு அனுப்புவதற்கென்றே ஒரு பொதுச் சேவையையும் வரையறுத்தது. அதுவும் போன்களில் வேர்பிடிக்கவில்லை. பொதுவான விரைவுப் பாதைக்கு வரைபடம் இரண்டு முறை தயாராகி, இரண்டு முறையும் அலமாரிக்குப் போனது. காரணம் பொறியியலில் இல்லை. பொதுப் பாதையால் எந்தத் தனிக் கம்பெனிக்கும் போன் கூடுதலாக விற்காது.

தனிப் பாதை விற்கும். ஆப்பிள் கருவிகளுக்கு இடையே மட்டும் கோப்பு அனுப்பும் ஏர்டிராப்பை ஆப்பிள் 2011இல் மேக் கணினிகளிலும் 2013இல் ஐபோனிலும் கொண்டுவந்தது. ஐபோனோ 2007இல் பிறந்த நாளிலிருந்தே புளூடூத் வழியாகக் கோப்பு அனுப்பும் பொது வசதியைத் தராத போன். சாம்சங் 2012இல் எஸ் பீம் என்று ஒன்றைத் தந்தது. சாம்சங்குக்கும் சாம்சங்குக்கும் மட்டும். கூகுளின் ஆண்ட்ராய்ட் பீம் 2011இல் வந்தது, ஆண்ட்ராய்ட் 10இல் கைவிடப்பட்டது. வேலிக்குள்ளே இந்த வசதிகள் சிறப்பாகவே இயங்கின என்பதை மறுக்கக் கூடாது. ஏர்டிராப் எடுத்த எடுப்பிலேயே இனிமையாக வேலை செய்தது, மற்றவர்கள் பல ஆண்டு தடுமாறினார்கள்.

வேலிக்கு இருபுறமும் உள்ளே நடப்பதை அருகில் போய்ப் பார்த்தால்தான் வேலியின் தேவையின்மை புரியும். ஐபோனில் பகிர் பொத்தானை அழுத்தியதும் குறைந்த ஆற்றல் புளூடூத் வழியாக ஒரு சிறு அறிவிப்பு காற்றில் பரவுகிறது. அனுப்புபவரின் எண்ணையும் மின்னஞ்சலையும் கணித முறையில் சுருக்கி, அந்தச் சுருக்கத்தின் முதல் இரண்டு பைட்டுகள் மட்டும் அதில் இருக்கும். அருகிலிருக்கும் ஐபோன் அதைத் தன் முகவரிப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறது. பொருந்தினால் வைஃபையை எழுப்புகிறது. இரு போன்களும் 6, 44 போன்ற எண்ணுள்ள குறிப்பிட்ட வைஃபை அலைவரிசைகளில், வீட்டு ரவுட்டருடனான இணைப்பையும் விடாமல், இம்மி நேர இடைவெளிகளில் சந்தித்துக்கொள்கின்றன. பிறகு மறையாக்கம் செய்த இணைப்பில் மூன்றே கோரிக்கைகள்: நீ யார், வாங்கிக்கொள்கிறாயா, இந்தா. ஆண்ட்ராய்ட் போன்களில் இன்று இதே வேலையைச் செய்யும் குவிக் ஷேரிலும் முதல் அறிவிப்பு அதே புளூடூத்தில்தான். அடுத்து இரு போன்களும் ஒரு ரகசியச் சாவியைப் பேசி முடிவுசெய்கின்றன. வைஃபை டைரக்டில் ஒன்று தலைமை ஏற்று 192.168.49.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ள, மற்றது அதோடு சேர்கிறது, சரக்கு போகிறது. சொற்கள் வேறு, வாக்கிய அமைப்பு ஒன்று. இரண்டு நிறுவனங்களும் ஒரே கேள்விக்கு ஏறத்தாழ ஒரே விடையை, அடுத்தவருக்குப் புரியாத கையெழுத்தில் எழுதியிருக்கின்றன.

இந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தவைதான் ஷேர்இட், ஜெண்டர், ஜாப்யா போன்ற செயலிகள். வாங்குபவரின் போன் தற்காலிக ஹாட்ஸ்பாட் ஆகும், அனுப்புபவரின் போன் அதில் சேரும், கோப்பு பறக்கும். எந்த பிராண்டுக்கும் எந்த பிராண்டும். இந்தியாவில் ஒரு தலைமுறை திரைப்படங்களையும் தேர்வுக் குறிப்புகளையும் கல்யாண வீடியோக்களையும் இவற்றின் வழியாகத்தான் மாற்றிக்கொண்டது. கியூபாவில் ஜாப்யா இதே வேலையைச் செய்தது. பொது வசதி இல்லாத இடத்தில் தனியார் செயலி செய்யும் சேவைக்கு ஒரு விலை உண்டு, அது பணமாக இருப்பதில்லை. ஆண்ட்ராய்ட் 6இலிருந்து, சுற்றியுள்ள வைஃபையையும் புளூடூத்தையும் தேடும் செயலி இருப்பிட அனுமதியும் கேட்டாக வேண்டும் என்று கூகுள் விதித்தது. அலைகளை வைத்தே ஒருவர் இருக்குமிடத்தைக் கணிக்க முடியும் என்பதே காரணம். ஆக, பக்கத்து நண்பருக்கு ஒரு பாட்டை அனுப்ப விரும்பியவர், தான் எங்கே இருக்கிறார், போனில் என்னென்ன கோப்புகள் வைத்திருக்கிறார் என்பதை அறியும் உரிமையை விளம்பரத்தில் பிழைக்கும் ஒரு மூன்றாம் தரப்பிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 59 செயலிகளைத் தடைசெய்தபோது ஷேர்இட்டும் ஜெண்டரும் அதில் இருந்தன. எட்டு மாதத்துக்குப் பிறகு டிரெண்ட் மைக்ரோ நிறுவனம், உலக அளவில் 100 கோடிக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்த ஷேர்இட்டில் கடுமையான ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டது. தடைக்கான காரணங்கள் பற்றி விவாதிக்கலாம். ஆனால் தடைசெய்த அரசு, அந்தச் செயலிகள் நிறைவேற்றிய தேவை அடுத்த நாள் காலையிலும் இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்ததற்கான அடையாளம் இல்லை. 2020 ஆகஸ்டில் கூகுள் நியர்பை ஷேரைக் கொண்டுவந்ததால் அந்த இடம் ஓரளவு நிரம்பியது.

2024 ஜனவரியில் நியர்பை ஷேரும் சாம்சங்கின் குவிக் ஷேரும் ஒன்றாகிவிட்டன, இந்தியாவில் பெரும்பாலோர் கையில் இருப்பதோ ஆண்ட்ராய்ட், பிறகு என்ன பிரச்சினை என்று கேட்கலாம். அந்த இணைப்பு வரவேற்கத்தக்கதுதான். ஆனால் குவிக் ஷேர் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலில் இல்லை; கூகுள் பிளே சேவைகள் என்ற மூடிய பொதியில் இருக்கிறது. அது இல்லாத போன், 2019க்குப் பிந்தைய ஹுவாவே போன்களைப்போல, வெளியே நிற்கும். ஆண்ட்ராய்ட் பீம் போன வழியில் குவிக் ஷேரும் ஒருநாள் போகாது என்பதற்கு நிறுவனத்தின் விருப்பத்தைத் தவிர வேறு உறுதி இல்லை. பெரும்பான்மையோரிடம் இருப்பதாலேயே ஒரு தனியார் சேவை பொதுத் தரநிலை ஆகிவிடாது. ஷேர்இட்டும் ஒருகாலத்தில் பெரும்பான்மையோரிடம் இருந்தது.

அடுத்த ஆட்சேபம் இன்னும் வலுவானது: டேட்டா மலிந்துவிட்டது, வாட்ஸ்அப் இருக்கிறது, இதெல்லாம் எதற்கு? 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இந்தியாவில் டேட்டா விலை சரிந்ததும், 2022இலிருந்து வாட்ஸ்அப்பில் 2 ஜிபி வரை கோப்பு அனுப்ப முடிவதும் உண்மை. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்ற திட்டத்தில் இருக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 1 ஜிபி வீடியோவை அனுப்புகிறார். அவருடைய கணக்கில் 1 ஜிபி போகும், வாங்குபவர் கணக்கில் இன்னொரு 1 ஜிபி போகும். இருவருக்கும் அன்றைய அளவில் மூன்றில் இரண்டு பங்கு காலி. செல்போன் வலைப்பின்னல்கள் பதிவிறக்கத்துக்காக வடிவமைக்கப்பட்டவை, பதிவேற்ற வேகம் அதில் ஒரு சிறு பங்கே. டவரிலிருந்து தள்ளியிருக்கும் கிராமத்தில் அந்த ஏற்றம் முடிய ஒரு மாலைப்பொழுதே ஆகலாம். அவசரத்துக்கு வீடியோவாகவே அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, தெளிவைக் குறைத்துத்தான் அனுப்பும். இதே 1 ஜிபியை நேரடி வைஃபை விநாடிக்கு 200 மெகாபிட்டில் 40 விநாடியில் முடித்துவிடும். 2020 ஊரடங்கின்போது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் விலையில்லா மடிக்கணினிகளில் பாட வீடியோக்களை ஏற்றித் தர ஏற்பாடு செய்ததன் பின்னே இருந்ததும் இதே கணக்குதான். இணையம் இருக்கிறது என்பது வேறு, பெரிய கோப்பை அதன்மேல் சுமத்த எல்லாராலும் முடியும் என்பது வேறு.

இணையமே இல்லாத நாட்களும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2018 நவம்பரில் கஜா புயலடித்த நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களிலும் மின்சாரமும் செல்போன் சேவையும் பல பகுதிகளில் நாள்கணக்கில் இல்லை. காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5 அன்று அணைந்த இணையம், உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10இல் அனுராதா பாசின் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு 2ஜி வேகத்தில் எட்டிப் பார்த்தது. 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். அந்த இடைவெளியில்தான் கொரோனா வந்தது. தீவிர சிகிச்சை வழிகாட்டி நெறிகள் அடங்கிய 24 எம்பி கோப்பு ஒன்றை ஒரு மணி நேரம் முயன்றும் பதிவிறக்க முடியவில்லை என்று 2020 மார்ச்சில் ஸ்ரீநகரின் அறுவை மருத்துவர் ஒருவர் பொதுவெளியில் எழுதினார். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் கைக்கு வந்த கோப்பு மருத்துவமனை முழுவதும் போய்ச்சேர டவர் தேவையில்லை. போன்கள் ஒன்றோடொன்று பேசினால் போதும். வரைபடம், மருந்துச் சீட்டு, காணாமல் போனவரின் படம், பட்டாவின் நகல் என்று பேரிடர் நேரத்தில் கைமாற வேண்டியவை எல்லாம் கோப்புகளே. அந்த நேரத்தில் 'உங்களுடையது ஐபோனா' என்ற கேள்வி குறுக்கே நிற்பதை எந்த வணிக நியாயத்தாலும் ஏற்க முடியாது.

பாதுகாப்பு பற்றிய அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. 2004இல் தோன்றிய காபிர் என்ற நச்சுநிரல் புளூடூத் வழியாகவே போனுக்குப் போன் தொற்றியது. 2005இல் ஹெல்சிங்கியில் உலகத் தடகளப் போட்டி நடந்த அரங்கத்தில் கூட்டத்துக்குள் அது பரவியது. போனை வைத்திருப்பவர் சம்மதித்தால்தான் அது உள்ளே வரும், ஆனால் மறுக்க மறுக்க மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். சலித்துப்போய் 'சரி' என்று அழுத்தியவர்கள் மாட்டினார்கள். எந்நேரமும் எல்லாருக்கும் தெரியும்படி போனைத் திறந்து வைத்ததும், வந்த கோப்பு செயலியாக நிறுவப்பட அனுமதித்ததும் அன்றைய பிழைகள். இன்றைய போன்களில் இரண்டுக்கும் தடுப்பு உண்டு. மூடிய அமைப்பே பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவுகட்டுவோருக்கு ஏர்டிராப்பின் வரலாறே பதில் சொல்கிறது. ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏர்டிராப் பரிமாறிக்கொள்ளும் சுருக்கங்களிலிருந்து போன் எண்ணையே மீட்டெடுக்க முடியும் என்று 2019இல் ஆப்பிளுக்குத் தெரிவித்தார்கள். சுருக்கம் வலுவானதுதான், எண்கள்தான் குறைவு. இந்தியக் கைபேசி எண்ணை எடுத்துக்கொண்டால், பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். இன்றைய கணினி ஒன்று அவ்வளவையும் கணக்கிட்டுப் பார்க்க அதிக நேரம் பிடிக்காது. ஆய்வாளர்கள் மாற்றுவழியையும் வடிவமைத்துக் கொடுத்து, 2021இல் எல்லாவற்றையும் வெளியிட்டார்கள். 2024 ஜனவரியில் பெய்ஜிங் நகர நீதித் துறை, ஐபோனில் தங்கியிருந்த ஏர்டிராப் பதிவுகளிலிருந்து அனுப்பியவர்களின் எண்களை ஒரு தடயவியல் நிறுவனம் எடுத்துவிட்டதாக அறிவித்தது. தரநிலை பொதுவில் இருந்தால் ஓட்டையும் பொதுவில் தெரியும், அடைக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதும் கடினமாகும்.

தொல்லை என்பது வேறு வகை. ரயிலில் முன்பின் தெரியாத பெண்ணின் போனுக்கு ஆபாசப் படத்தை ஏர்டிராப் செய்வது பிரிட்டனில் 2015இலேயே காவல்துறை விசாரித்த விஷயம். 2023இன் இணையப் பாதுகாப்புச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைத் தனிக் குற்றமாக்கியது. இது வடிவமைப்பில் தீர்க்கக்கூடியது: தெரியாதவரிடமிருந்து வரும் படத்தின் முன்னோட்டத்தைக் காட்டாமல் இருக்கலாம், எல்லாருக்கும் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். ஆப்பிள் அந்த நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தது. ஆனால் அதை முதலில் 2022 நவம்பரில் சீனாவில் மட்டும் செய்தது, அங்கே அரசை எதிர்த்த வாசகங்கள் ஏர்டிராப்பில் பரவிய சில வாரங்களுக்குள். உலகம் முழுதும் பிறகே வந்தது. நல்ல அமைப்புதான் அது. ஆனால் எந்த நாட்டில், எப்போது, யாருக்காக அதை மாற்றுவது என்பதை ஒரே நிறுவனம் பூட்டிய அறையில் முடிவுசெய்யலாம் என்பது கவலைக்குரியது. திருட்டுப் படம் பரவும், வதந்தி பரவும் என்ற ஆட்சேபங்களைப் பொறுத்தவரை, இரண்டுக்கும் இணையம் ஏற்கெனவே இதைவிட அகன்ற பாதையைத் தந்திருக்கிறது. நேரடிப் பரிமாற்றத்தில் பெரும்பாலும் கொடுத்தவர் முகம் தெரியும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஃபார்வர்டில் அதுகூட இல்லை.

கட்டாயப்படுத்தினால் புதுமை சாகும் என்பதுதான் நிறுவனங்களின் முதன்மை வாதம். ஐரோப்பிய ஆணையம் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின்கீழ் 2025 மார்ச்சில் ஆப்பிளுக்கு விதித்த கடமைகளில், நேரடி வைஃபை இணைப்பையும் அருகாமைக் கோப்புப் பரிமாற்றத்தையும் பிறருக்குத் திறப்பதும் அடங்கும். பயனர்களின் பாதுகாப்பு கெடும், உழைத்துக் கண்டுபிடித்ததை இலவசமாகக் கொடுக்க வேண்டிவரும் என்று கூறி ஆப்பிள் நீதிமன்றம் சென்றது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது: ஏர்டிராப்பை முதலில் செப்பமாகச் செய்து காட்டியவர்கள் அவர்கள்தான், பொதுக் குழுக்கள் மெதுவாகவே நகரும். ஆனால் நடந்ததைப் பார்க்கலாம். அருகிலுள்ள கருவிகள் வைஃபை வழியாக ஒன்றையொன்று கண்டுபிடித்து நேராக இணைவதற்கான வைஃபை அவேர் என்ற பொதுத் தரநிலையை வைஃபை அலையன்ஸ் 2015இலேயே அறிவித்துவிட்டது. ஆண்ட்ராய்ட் 2017இல் அதை ஏற்றது. ஐபோனோ 2025இன் ஐஓஎஸ் 26இல்தான், ஐரோப்பிய உத்தரவு வந்த பிறகு, பிற செயலிகளுக்கு அதைத் திறந்தது. எட்டு ஆண்டுத் தாமதத்துக்குப் பொதுக் குழுவின் மெத்தனத்தைக் குறை சொல்ல முடியாது. 2025 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் 10 போன்களின் குவிக் ஷேரை ஏர்டிராப்போடு பேசவைத்தது, ஆப்பிளின் உதவியில்லாமலே. ஐபோன்காரர் 'எல்லாருக்கும் பத்து நிமிடம்' என்ற அமைப்பைத் தேர்ந்தால் போதும். கோப்பு எந்த சர்வரையும் தொடாமல் போகும். நினைவகப் பிழைகளைத் தவிர்க்க ரஸ்ட் மொழியில் எழுதி, வெளி நிறுவனத்தைக் கொண்டு சோதித்தார்கள். முடியாது என்று பத்தாண்டு சொல்லப்பட்டது முடிந்துவிட்டது. ஆனால் ஒரு நிறுவனம் மற்றொன்றின் வேலியில் கண்டுபிடித்த இடுக்கு இது. அடுத்த ஐஓஎஸ் பதிப்பில் அந்த இடுக்கு இருக்குமா என்பது ஆப்பிளின் கையில் இருக்கிறது.

இந்தியாவுக்கு இதில் முன்னுதாரணம் தேட ஐரோப்பாவரை போக வேண்டியதில்லை. 2016இல் வகுத்த விதிப்படி, 2017 முதல் இங்கே விற்கும் எல்லாப் போனிலும் ஆபத்துப் பொத்தான் இருக்க வேண்டும். 22 இந்திய மொழிகளின் எழுத்துகளும் திரையில் சரியாகத் தெரிய வேண்டும் என்ற ஐஎஸ் 16333 தரநிலையும் கட்டாயமாக்கப்பட்டது; மலிவான போனிலும் இன்று தமிழ் கட்டங்களாக உடையாமல் தெரிகிறது. 2023 ஏப்ரலில் மின்னணுத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், பேரிடர் நேரத்தில் பயன்படும் என்பதால் போன்களில் எஃப்எம் வானொலியை முடக்கக் கூடாது என்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. எஃப்எம்முக்குச் சொன்ன அதே காரணம் கோப்புப் பரிமாற்றத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆபத்துப் பொத்தானை எந்தக் கம்பெனியும் தானாக முன்வந்து எல்லாப் போனிலும் வைக்கவில்லை. விதி வந்தது, வைத்தார்கள், புதுமை சாகவில்லை.

விதியில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. போனோடு வரும் மென்பொருளிலேயே, தனிச் செயலி, கணக்கு, சிம், இணையம் எதுவும் கேட்காமல், வெளியிடப்பட்ட ஒரு தரநிலையின்படி கோப்பை அனுப்பவும் பெறவும் முடிய வேண்டும். இயல்பு நிலையில் அது மூடியிருக்க வேண்டும், திறந்தால் சில நிமிடங்களில் தானே மூட வேண்டும். இரு திரைகளிலும் ஒரே எண்ணைக் காட்டி ஆளை உறுதிசெய்ய வேண்டும், போன் எண்ணையோ மின்னஞ்சலையோ காற்றில் விடக் கூடாது. வேலி தாண்டிய தரநிலையாக வைஃபை அவேர் தயாராக இருக்கிறது. ஆனால் விலை குறைந்த போன்கள் பலவற்றில் அதற்கான வன்பொருள் ஆதரவு இல்லை. அதைக் காரணம் காட்டி உயர்விலைப் போன்களுக்கு மட்டும் விதியைச் சுருக்கினால், டேட்டா தீர்ந்துபோகும் வீடுகளும் டவர் விழுந்தால் கடைசியாக மீண்டும் இணைப்புப் பெறும் ஊர்களும் மறுபடி விடுபடும். எனவே அத்தகைய போன்களுக்கு வைஃபை டைரக்டும், அதுவும் இல்லையென்றால் பழைய புளூடூத்தும், அதே திரையில் அதே பொத்தானின் பின்னால், பயனருக்குத் தெரியாமலே மாறிக்கொள்ளும்படி எழுத வேண்டும். விதியைப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த போனிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும்; மேல்தட்டுப் போன்களுக்கு அதை நிறைவேற்றுவது எளிது.